ஒரு டிரம் மாங்கூழ் போகும் தூரம்

ஆனி மாத விடியலில் நாகரசம்பட்டிப் பக்கம் எந்தத் தோப்புக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது பழ வாசனை அல்ல. காம்பு முறிந்த இடத்தில் கசியும் பாலின் காரநெடி. கொக்கியும் வலைப்பையும் கட்டிய நீளக் கழியை மேலே நீட்டிப் பறிக்கிறவரின் முன்கையைப் பாருங்கள். அங்கங்கே கருந்திட்டுகள் இருக்கும். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டுத் தோல் வெந்த தழும்புகள் அவை. சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகுதான் மறையும்.

அவர் பறித்துப் போடுவது பெங்களூரா. நுனி வளைந்து கிளியின் அலகைப்போல இருப்பதால் கிளிமூக்கு என்றும் சொல்கிறோம். வடக்கே தோத்தாபுரி. குப்பம் தாண்டி ஆந்திராவுக்குள் போனால் இதே காய்க்குக் கலெக்டர் காய் என்று பெயர். கன்னடத்தில் கிணிமூத்தி, அதுவும் கிளிமூக்குதான். ஒரே காய்க்கு மூன்று மாநிலமும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. மரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் மூன்றும் ஒரே செம்மண், ஒரே வெயில், ஒரே பருவம். வரைபடத்தில் மூன்று நிறம் தீட்டினாலும் தோப்பு ஒன்றுதான். இந்தக் கட்டுரையின் முடிவில் இதற்கே திரும்பி வருவேன்.

பெங்களூராவைச் சாப்பாட்டுப் பழமாக நம் வீடுகளில் அவ்வளவாக மதிப்பதில்லை. விருந்தாளி வந்தால் மல்கோவாவோ அல்போன்சாவோ அறுப்போம். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியிலும் கூட்டம் மொய்ப்பது இமாம்பசந்த் போன்ற ரகங்களின் முன்னால்தான். ஆனால் இந்த மாவட்டத்தின் மாங்காய்ப் பொருளாதாரத்தைத் தோளில் தூக்கி நிற்பது பெங்களூராதான். நிறையக் காய்க்கும். தோல் தடிப்பு, லாரியில் அடுக்கினால் நசுங்காது. சதை அதிகம், நார் குறைவு. கூழுக்கென்றே பிறந்த காய்.

பாரூர் பெரிய ஏரியின் பாசனம் ஒரு பக்கம், மாங்கன்று வளர்த்து ஊர் ஊராக அனுப்பும் சந்தூர் ஒரு பக்கம், காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலைகள் ஒரு பக்கம் என்று நாகரசம்பட்டி இந்தத் தொழிலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஓசூரின் தொழிற்பேட்டை ஊருக்கு வெளிச்சம் தந்திருக்கலாம். ஆனால் போச்சம்பள்ளி வட்டத்தில் கல்யாணத் தேதியும் கடன் தவணையும் இன்றைக்கும் மாங்காய் விலையைப் பார்த்துத்தான் முடிவாகின்றன.

காய் கிரேட்டில் ஏறி, பிக்கப் வேனில் ஆலை வாசலுக்குப் போகிறது. நல்ல சீசனில் அந்த வாசலில் டிராக்டரும் வேனும் சாலை ஓரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு இரவு, சில நாள் இரண்டு இரவு. தார்ப்பாய்க்கு அடியில் காய் பழுத்து, வெம்பி, எடை குறைந்துகொண்டே போகும். எடைமேடைக்குப் போகும்போது அழுகலுக்கும் சேதத்துக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொள்வார்கள். காத்திருக்க வைத்ததால் வந்த சேதம் காய் கொண்டுவந்தவர் கணக்கில்தான் விழும்.

உள்ளே போன காய் சில நாள் பழுக்க வைக்கப்படுகிறது. கார்பைடு கல் தடை செய்யப்பட்ட பிறகு எத்திலீன் வாயுதான். பழுத்ததைக் கழுவி, பெல்ட்டில் விட்டால், இரண்டு பக்கமும் நிற்கும் பெண்கள் கெட்டதைப் பொறுக்கிக் காம்புப் பகுதியை வெட்டித் தள்ளுவார்கள். இயந்திரம் கொட்டையையும் தோலையும் பிரித்து, சல்லடையில் சதையைப் பிழிகிறது. கூழில் ஒரு சொட்டு எடுத்து, விரல் நீளமுள்ள ஒரு கருவியின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்ப்பார் ஆய்வகப் பணியாளர். 14 பிரிக்ஸ். அதாவது நூறு பங்கில் பதினான்கு பங்கு கரைந்த இனிப்பும் சத்தும். அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார். அல்போன்சா கூழுக்கு இது 16க்கு மேல் இருக்க வேண்டும்.

பிறகு 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உடனே குளிர்வித்து, கிருமி நீக்கிய பல அடுக்குப் பையில், வெளிக்காற்று படாமல் நிரப்புகிறார்கள். அந்தப் பை ஓர் இரும்பு டிரம்முக்குள் உட்கார்ந்திருக்கும். நிரம்பினால் 215 கிலோ. கெடாமல் இருக்க மருந்து எதுவும் சேர்ப்பதில்லை, குளிர்சாதனக் கிடங்கும் தேவையில்லை. ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு தாங்கும். இரண்டே மாதத்தில் பழுத்து உதிரும் ஒரு பொருளுக்கு இரண்டு ஆண்டு ஆயுள் கொடுத்த இந்த நுட்பம் இல்லையென்றால் கிருஷ்ணகிரி மாங்காய் சேலம் சந்தையோடும் பெங்களூரு சந்தையோடும் நின்றிருக்கும். இந்தியாவின் மாங்கூழ்த் தொழில் முக்கியமாக இரண்டே இடங்களில் குவிந்திருக்கிறது. ஒன்று சித்தூர், மற்றொன்று கிருஷ்ணகிரி.

ஒரு டிரம்முக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை காய் வேண்டும். 430 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

இனி டிரம்முக்குக் காகிதங்கள் சேர்கின்றன. ஒரு கப்பல் பெட்டியில் 80 டிரம், சுமார் 17 டன். அதற்கு விலைப்பட்டியல், ஆய்வறிக்கை, உடல்நலச் சான்று எல்லாம் உண்டு. எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, சுங்க எண். 0804 50 என்று எழுதினால் ஜப்பானிலிருந்து மொராக்கோ வரை எந்தச் சுங்க அதிகாரிக்கும் அது மா, கொய்யா, மங்குஸ்தான் என்று புரியும். 1988 முதல் உலகச் சுங்க அமைப்பு நடைமுறைப்படுத்திய பொது அகராதி அது. அதன் பின்னால் இன்னொரு 40 சேர்த்தால் நம் நாட்டுக் கணக்கில் மாங்கூழ்.

இன்னொன்று, பிறப்பிடச் சான்று. இந்தக் கூழ் எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது என்பதற்கான பிறப்புச் சான்றிதழ். நாடுகள் தங்களுக்குள் கூட்டு ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைத்தால், அந்தச் சலுகை இந்தச் சான்று உள்ள சரக்குக்குத்தான். ஒரு கடிகாரத்துக்கோ ஸ்கூட்டருக்கோ இந்தச் சான்று வாங்குவது தலைவலி. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, இங்கே எவ்வளவு மதிப்பு கூடியது என்று கணக்குக் காட்ட வேண்டும். மாங்கூழுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. மரம் இங்கே, மண் இங்கே, தண்ணீர் இங்கே, பறித்த கை இங்கே. முழுக்க முழுக்க இந்த மண்ணில் பிறந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒப்பந்தங்களால் உடனடியாகப் பலன் பெறக்கூடிய சரக்கு உழவனின் சரக்குதான் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

கிருஷ்ணகிரியில் நாட்டின் பெரிய சாலைகள் சந்திக்கின்றன. காஷ்மீரத்திலிருந்து குமரிக்குப் போகும் 44-ஆம் எண் சாலையும் டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் 48-ஆம் எண் சாலையும் இங்கேதான் ஒன்றையொன்று தொடுகின்றன. பெட்டி ஏறிய டிரெய்லர் வாணியம்பாடி, வேலூர், ராணிப்பேட்டை வழியாக ஒரே இரவில் சென்னைத் துறைமுகத்தை எட்டிவிடும். அங்கிருந்து டிரம் போகும் இடங்களில் முதன்மையானது வளைகுடா. சவுதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், பக்கத்திலேயே ஏமன். ஐரோப்பாவுக்குப் போவதில் பெரும்பகுதி நெதர்லாந்தில் இறங்குகிறது. மழை குறைந்த, வெயில் கொளுத்தும் நாடுகளில் மாம்பழச் சாறு நம் மோர்போல அன்றாடப் பானம்.

வளைகுடாவில் டிரம்முக்கு நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1981-ல் ஆறு நாடுகள் சேர்ந்து வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தை அமைத்தன. சவுதி, குவைத், பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன். 2003-ல் அவை சுங்க ஒன்றியமாயின. அதன் பொருள் எளியது. வெளியிலிருந்து வரும் சரக்கு முதலில் எந்த வாசலில் நுழைகிறதோ அங்கே ஒரு தடவை வரி. பெரும்பாலான பொருள்களுக்கு 5 சதவீதம் என்று தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஆறு நாட்டிலும் எங்கே போனாலும் மறுபடி வரி கிடையாது. துபாயின் ஜெபல் அலியில் இறங்கிய டிரம், குவைஃபத் எல்லையைக் கடந்து சவுதிக்குள் லாரியில் போகலாம். இடையில் உறுப்பு நாடுகள் தனித்தனியே சில வரிகளை உயர்த்திக்கொண்டதும் உண்டு, தங்களுக்குள் சண்டையிட்டு எல்லையை மூடியதும் உண்டு. 2017-லிருந்து மூன்றரை ஆண்டு கத்தாரைச் சுற்றிச் சவுதியும் அமீரகமும் பஹ்ரைனும் வேலி போட்டதை உலகமே பார்த்தது. ஆனால் ஒன்றியம் கலையவில்லை. வேலி எடுக்கப்பட்டது, லாரி மறுபடி ஓடியது.

அந்த மன்றத்தோடு இந்தியா 2004-லேயே பொருளாதார ஒத்துழைப்புக்கான கட்டமைப்பு ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து தடையற்ற வணிக ஒப்பந்தம் பிறக்க வேண்டும். இரண்டு சுற்றுப் பேச்சு நடந்தது, பிறகு ஆண்டுக்கணக்கில் தூங்கிவிட்டது. ஒட்டுமொத்தமாக முடியாததால் தனித்தனியாகப் பேசினோம். அமீரகத்தோடு 2022 பிப்ரவரியில் கையெழுத்தாகி மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஓமனோடு 2025 டிசம்பரில் கையெழுத்தானது. இரண்டும் நல்லவை. ஆனால் நம் மாங்கூழின் பெரிய வாடிக்கையாளரான சவுதியோடு அப்படி ஒன்று ஏன் இல்லை என்று ஆலைக்காரர்களும் விவசாயச் சங்கங்களும் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சரக்கு போன வழியில் பெயரும் போயிருக்கிறது. மாங்காய் என்ற நம் சொல்தான் மலாய் மொழியில் மங்கா ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, மேங்கோ என்று உலகம் முழுக்கப் பரவியது என்பது மொழியறிஞர்கள் பலரும் ஏற்ற செய்தி. சுங்கமும் ஒன்றியமும் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே, கிழக்குக் கரையின் காற்றைப் பிடித்துப் போன வணிகர்கள் அதைச் சாதித்திருக்கிறார்கள். கிழக்கே ஆசியான் நாடுகளோடு நமக்குச் சரக்கு ஒப்பந்தம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே அவர்களுக்கே மா விளைகிறது. ஆகவே நம் கூழுக்கு அது பெரிய சந்தை அல்ல, போட்டிக் களம்.

வடக்கே இருப்பதுதான் புதிய கதவு. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் ஆகிய ஐந்தும் சேர்ந்த யூரேசியப் பொருளாதார ஒன்றியம் 2015 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. ஐந்துக்கும் ஒரே சுங்கம். பழச்சாறு வகைகளுக்கு ஒரே தர விதி. ஒரு தடவை அந்த விதிக்குப் பொருந்திவிட்டால் மாஸ்கோவிலும் அல்மாட்டியிலும் விற்கலாம். அதாவது மாமரம் முளைக்கவே முளைக்காத ஒரு பெரும் நிலப்பரப்புக்கு ஒரே கதவு. வியட்நாம் அந்தக் கதவை முன்பே தட்டிவிட்டது. 2015-ல் கையெழுத்திட்டு, 2016 அக்டோபரிலிருந்து வரிச் சலுகையோடு சரக்கு அனுப்புகிறது. ஈரானுக்கு 2025 மே மாதம் முதல் முழு ஒப்பந்தம். இந்தியா, பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்ற வரையறைக் குறிப்பில் கையெழுத்திட்டது 2025 ஆகஸ்ட் 20-ல். தாமதம்தான். இருந்தாலும் தொடங்கிவிட்டோம்.

அங்கே போகும் வழி இரண்டு. ஒன்று, 2000-ல் இந்தியாவும் ஈரானும் ரஷ்யாவும் ஒப்பந்தம் செய்த வடக்கு–தெற்குப் போக்குவரத்துப் பாதை. கடல், ரயில், சாலை மூன்றையும் கோத்து 7,200 கிலோமீட்டர். மற்றது, நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சென்னை–விளாடிவோஸ்டோக் கடல்வழி. 2019 செப்டம்பரில் இரு நாடுகளும் இதற்கான குறிப்பில் கையெழுத்திட்டன. மும்பையிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக 40 நாள் ஆகிற இடத்தில், இந்த வழியாக ரஷ்யாவின் கிழக்குக் கரையை 24 நாளில் எட்டலாம் என்பது அரசு சொல்லும் கணக்கு. கிருஷ்ணகிரி டிரம்முக்கு மும்பை எதற்கு? ஒரு இரவுப் பயணத்தில் சென்னை இருக்கிறதே.

மாற்று வழி ஏன் வேண்டும் என்பதை 2023-ன் கடைசியில் செங்கடல் கற்றுக்கொடுத்தது. கப்பல்கள் தாக்கப்பட்டதும் பெரிய நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதல், கட்டணமும் கூடுதல். வெளிநாட்டில் வாங்குபவர் கை இறுகியது. போன ஆண்டுக் கூழே விற்காமல் கிடக்கிறது என்று ஆலைகள் சொல்லத் தொடங்கின. ஏமன் கடலில் விழுந்த அடியின் வலி போச்சம்பள்ளித் தோப்புக்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான் ஆனது.

2025 ஜூன் அப்படித்தான் விடிந்தது. நல்ல விளைச்சல். கிருஷ்ணகிரியில் பெங்களூரா கிலோ 4, 5 ரூபாய்க்கு இறங்கியது. பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் ஒன்றும் நிற்காது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு, சாலையில் கொட்டியவர்களும் உண்டு. பக்கத்து ஆந்திராவில் அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலைகள் 8 தர வேண்டும், அரசு 4 சேர்த்துத் தரும். தன் விவசாயிக்கு ஓர் அரசு செய்த நல்ல காரியம் அது. ஆனால் வெளி மாநிலக் காய் வந்து அந்தப் பணத்தைத் தின்றுவிடும் என்ற பயத்தில், ஜூன் 7-ஆம் தேதி சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலங்களின் தோத்தாபுரிக்குத் தடை போட்டது. எல்லைச் சாவடிகளில் காவலும் வருவாய்த் துறையும் நின்றன. கோலாரின் சீனிவாசபுரத்தில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். நம் பக்கத்துக் காய்க்கும் அந்த ஆலைகள்தாம் வழக்கமான வடிகால். அதுவும் அடைபட்டது.

430 கிலோவை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ 5 ரூபாய் என்றால் ஒரு டிரம்முக்குள் இருக்கும் காய்க்கு விவசாயி பெற்றது 2,150 ரூபாய். 12 ரூபாய் கிடைத்திருந்தால் 5,160. ஒரு கப்பல் பெட்டிக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 2,40,000 ரூபாயைத் தாண்டுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். அந்தத் தூரத்துக்குள் இவ்வளவு பணம் காணாமல் போனது.

இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவு சொல்கிறது. ஓசூரில் ஜூஜுவாடி வரிச் சோதனைச்சாவடி முன்னால் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிசை போனது. வளைகுடா நாடுகள் 2003-லும் யூரேசிய நாடுகள் 2015-லும் செய்ததை நாம் நமக்குள்ளேயே அன்று செய்தோம். மாங்கூழ் மீதான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியில் ஒன்றாகிவிட்டோம். விலையில், ஆலையில், சீசன் நெருக்கடியில் மட்டும் மூன்று தனி நாடுகளாக நிற்கிறோம்.

சித்தூர் நிர்வாகத்தைக் குறை சொல்லி நான் இதை முடிக்க மாட்டேன். தன் ஊர் விவசாயி அழும்போது எந்தக் கலெக்டரும் முதலில் தன் வாசலைத்தான் பார்ப்பார். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு அரபு நாடுகளுக்கு ஒரு மன்றம் உண்டு. ஐந்து யூரேசிய நாடுகளுக்கு ஒரு ஆணையம் உண்டு. வங்காள விரிகுடாவைச் சுற்றிய ஏழு நாடுகளுக்கு 1997-ல் தொடங்கிய பிம்ஸ்டெக் உண்டு. ஒரே மண்ணில் ஒரே காயை விளைவிக்கும் மூன்று பக்கத்து மாவட்டங்கள் சீசனுக்கு முன் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேச இடம் இல்லை. எந்த ஆலையில் எவ்வளவு பழைய கூழ் இருக்கிறது, இந்த ஆண்டு எவ்வளவு காய் வரும், எந்த விலைக்குக் கீழே எவரும் வாங்கக் கூடாது என்ற மூன்று கேள்விக்கும் மூன்று மாநிலத் தோட்டக்கலைத் துறைகளும் தனித்தனியாக விடை தேடுகின்றன. மத்திய அரசின் சந்தைத் தலையீட்டு உதவியும் மாநிலம் மாநிலமாக, பாதிச் சீசன் ஓடிய பிறகு வருகிறது. 2025-ல் கர்நாடகத்துக்கு அப்படித்தான் வந்தது.

ஆகவே தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரியில்தான் சாலைகள் கூடுகின்றன. மூன்று மொழியும் இங்கே பேசப்படுகிறது. மாங்கனிக் கண்காட்சியும் இங்கேதான் நடக்கிறது. கண்காட்சி நடக்கும் கோடைக்குக் காத்திருக்காமல், சித்தூர், கோலார் மாவட்ட நிர்வாகங்களையும் விவசாயச் சங்கங்களையும் ஆலைக்காரர்களையும் இங்கே அழைத்து உட்கார வையுங்கள். நாகரசம்பட்டித் தோப்புகளில் பூ எடுப்பது மார்கழியிலும் தையிலும். அதற்குள் முதல் கூட்டம் நடந்துவிட வேண்டும்.